இலஞ்சிக்கு இரவல் போன சுரூபங்கள்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன். பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கோயிலில் பூசைக்குக் கொடுக்கும் கருத்துச் சீட்டுகள்தான். அதில் இறந்தவர் பெயரை மட்டும் எழுதினால் போதும். மறதி வேறு. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன்.

எங்கள் பங்குக் கோயிலில் திருவிழாவுக்கு மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். வருடா வருடம் அதில் ஒரு பயணக் கட்டுரை வரும். ரோமாபுரிக்குப் போனவர், அங்கே காப்பி வாயில் வைக்க விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். எருசலேமுக்குப் போனவர் ஒட்டகத்தில் ஏறியதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஆண்டவர் கல்லறையைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்திருந்தார். இந்த வருடம் வெளிநாடு போனவர்கள் யாரும் அகப்படவில்லை போலிருக்கிறது. மலர் வேலையைப் பார்க்கும் சிஸ்டர் என்னிடம் வந்து, "நீங்க எங்கயாவது போனியளா?" என்று கேட்டார். "தென்காசிக்குப் போனேன்" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால், "அதை எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதும்போது எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் சம்மதித்தேன்.

போன ஆடி மாதம் என் தம்பி சவரிமுத்து போன் செய்தான். தென்காசியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். வீடு இலஞ்சியில். அவன் மனைவி செண்பகம் கடையத்துக்காரி. இந்துக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியவள். ஒரே மகள் ஸ்டெல்லா, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"எக்கா, ஸ்டெல்லாவைப் பாக்க ஞாயித்துக்கிழம வருதாவ. பையன் அவ பள்ளிக்கூடத்துலயே பி.டி. வாத்தியாரு. பேரு பிரிட்டோ. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு" என்றான்.

"நல்லதுதானப்பா. ஆண்டவருக்குத் தோத்திரம்."

"தோத்திரத்தைப் பெறவு சொல்லு. பையனோட அம்மா பிலோமினம்மா இருக்காவல்லா, அவ்வ கடற்கரை ஊர்ல மாதா சபைத் தலைவியாம். பொண்ணோட அம்மா இந்து வீட்டுப் பிள்ளை, அதனால வீட்ல நம்ம வேதம் இருக்கா இல்லையான்னு நான் நேர்ல வந்து பாத்துத்தான் முடிவு சொல்லுவேன்னுட்டாவளாம். இந்த எடம் தட்டிப்போச்சுன்னா ஸ்டெல்லா வேற எவனையும் கட்ட மாட்டேங்கா."

"வேதம் இருக்கத்தான செய்யுது?" என்றேன்.

 அதற்கு அவன் சொன்னான்: "மனசுல இருக்கு. சுவத்துல இல்ல."

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துச் சாரல் அப்படி. எங்கள் கடற்கரையில் உப்புக் காற்று ஆணியைத் தின்னும்; அங்கே ஈரம் படத்தைத் தின்கிறது. வீட்டில் மாட்டிய திரு இருதய ஆண்டவர் படம் பூசணம் பிடித்து, ஆண்டவருக்குத் தாடியெல்லாம் நரைத்துவிட்டதாம். அதைத் துண்டில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்ததோடு சரி. புதுசு ஒன்று வாங்கி மாட்டு என்று சொன்னேன்.

"புதுசு மாட்டுனா நேத்துத்தான் மாட்டிருக்காவன்னு அந்த அம்மா கண்டுபிடிச்சிருவாவ. உன் வீட்டுல உள்ளதுன்னா புகை படிஞ்சு, மெழுகு ஒழுகி, பாத்தாலே பரம்பரையா ஜெபம் பண்ணுன வீடுன்னு தெரியும். ஒரு வாரத்துக்குக் குடுக்கா."

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என் வீட்டில் நானும் சாமிச் சுரூபங்களும்தான். ஒரு வாரத்துக்கு நான் மட்டும் இருக்க வேண்டுமே என்று யோசித்தேன். சரி, நாமும் கூடவே போய்விடலாம் என்று கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை பயணம். திரு இருதயப் படத்தைப் பழைய சேலையில் சுற்றினேன். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், மாதா உருவத்தில் இருக்கும் தீர்த்தப் பாட்டில் (நீலக் கிரீடத்தைத் திருகினால் மூடி), இருட்டில் மின்னும் பெரிய ஜெபமாலை எல்லாம் பையில். படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையையும் எடுத்து வைத்தேன். அந்தோனியார் சுரூபத்தை மட்டும் பையில் போட மனசு வரவில்லை. கையில் குழந்தை சேசு இருக்கிறாரே, உடைந்துவிட்டால்? துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் படத்தைத் தட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சி, கண்ணாடியா?"

"சாமி படம்."

"சாமிக்கு டிக்கெட் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அதன் உயரத்தைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய சாமின்னா லக்கேஜ்தான்" என்று கிழித்துக் கொடுத்துவிட்டார்.

பக்கத்தில் புளியங்குடிக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தவள் பொறுக்க முடியாமல், "ஆச்சி, பிள்ளைக்கு மொகத்தை இப்படியா மூடுவிய? மூச்சு முட்டாதா?" என்று துண்டை விலக்கிவிட்டாள். உள்ளே வழுக்கைத் தலை. பதறிப்போனாள். அப்புறம் யாரென்று தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குத சாமிதான இது? எங்க தெருவுல ஒரு அக்கா சொல்லுவாவ" என்றாள். காணாமல் போன தன் கம்மலைப் பற்றி அவரிடம் நேரிலேயே சொன்னாள். எந்த அறையில், எந்தச் சன்னலுக்குக் கீழே என்பது வரைக்கும் விவரம் கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வழியில் பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டது. அந்தோனியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. குருத்தோலைதான் நொறுங்கிப் பொடியாகிவிட்டது. தம்பி வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்த பிறகுதான் பார்த்தேன்.

அந்த வீட்டின் காம்பவுண்டுச் சுவர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஆட்டோவில் இருந்து இறங்கியதும் என் கண்ணில் பட்டது, சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில் பதித்திருந்த ஒரு டைல்ஸ். அதில் மாதா. பக்கத்தில் முருகன். "இதென்னப்பா, மாதாவைத் தரையோட வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"சீசன்ல கார்ல வாரவன் எல்லாம் இங்கனதான் நிப்பாட்டி ஒண்ணுக்குப் போவான். எழுதிப் போட்டேன், கேக்கல. இதைப் பதிச்சதுல இருந்து ஒருத்தன் வாரதில்ல. வீட்டுக்குள்ள இருந்ததைவிட வெளியில மாதா நல்லா வேலை பாக்குதாவ எக்கா" என்றான் சவரிமுத்து.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சுவர் சுத்தமாகத்தான் இருந்தது.

ராத்திரி கூட்டாஞ்சோறு. கையில் எடுத்தால் முருங்கைக்கீரை மணம். வெளியே மழையா, மழை இல்லையா என்று தெரியாத ஒரு மழை. எங்கள் ஊரில் மழை வந்தால் வந்தது, போனால் போனது. இங்கே அது வாசலில் நின்று போகவா வரவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொடியில் போட்ட என் சேலை, திரும்ப ஊருக்குக் கிளம்பும்வரை காயவே இல்லை.

சனிக்கிழமை காலையில் சவரிமுத்து டிரில்லிங் மெஷினோடு இறங்கிவிட்டான். ஹாலில் டி.வி.க்கு மேலே திரு இருதய ஆண்டவர். அவருக்கு முன்னால் சிவப்பு பல்பு. இந்த வீட்டில் ஆண்டவர் எப்போதும் விழித்திருக்கிறார் என்பதற்காக அந்த விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மின்சாரக்காரன் ஆயிற்றே, அதை இன்வெர்ட்டரில் இழுத்துவிட்டான். "கரண்டு போனா மிக்ஸி நிக்கும், ஃபேன் நிக்கும், ஆண்டவரு தூங்க மாட்டாரு" என்று பெருமையாகச் சொன்னான்.

பக்கத்து வீட்டுப் பூரணம் வந்து பார்த்தாள். நெற்றி நிறைய திருநீறு பூசும் பெண். படத்தை உற்றுப் பார்த்தாள். நெஞ்சுக்கு வெளியே இருதயம், அதைச் சுற்றி முள், மேலே நெருப்பு. "இது என்னக்கா, ஆபரேசனா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்குப் பைபாஸ் பண்ணயில டாக்டர் ஒரு படம் காட்டுனாரு. அச்சா இப்பிடித்தான் இருந்துச்சு."

"மனுசங்க மேல உள்ள அன்பு உள்ள அடங்காம வெளியே வந்துட்டு. அதான் எரியுது. முள்ளு, நம்ம குத்துனது" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பூரணம் படத்தை மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ரொம்ப வலிக்குமே" என்றாள். வீட்டுக்குப் போய் ஊதுபத்தி எடுத்து வந்து கொளுத்தி வைத்துவிட்டுப் போனாள். எத்தனையோ வருடமாக நான் அந்தப் படத்துக்கு முன்னால் முழங்கால் போடுகிறேன். எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டிருக்கிறேனே தவிர, உமக்கு வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எல்லாம் மாட்டி முடித்ததும் செண்பகம்தான் குறை கண்டுபிடித்தாள். "மைனி, படத்துக்குப் பின்னால குருத்தோலை இல்லையே. அது இருந்தாத்தான பாக்க லெச்சணமா இருக்கும்?"

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குருத்து ஞாயிறு அன்றைக்குக் கோயிலில் மந்திரித்துத் தரும் தென்னங்குருத்தைச் சிலுவையாகப் பின்னிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். இடி மின்னல் பயமாக இருந்தால் ஒரு துண்டு கிள்ளிக் கொளுத்துவோம். மறு வருடம் அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால், எரித்து, சாம்பல் புதனுக்கு நம் நெற்றியிலேயே பூசிவிடுவார்கள். செண்பகம் வெளியே போனாள். இலஞ்சியில் தென்னைக்கா பஞ்சம்? வரும்போது கையில் ஒரு குருத்து. உட்கார்ந்து ஒரு சிலுவை பின்னினாள். அப்படி ஒரு நேர்த்தி, கோயிலில் பின்னுகிற ஆட்களுக்குக்கூட வராது. படத்துக்குப் பின்னால் செருகினாள். எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். திருப்தியாக இருந்தது. ஒருத்தருக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

ஸ்டெல்லா மட்டும் சோபாவில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, "அத்தை, இவ்வளவு சாமி இருக்க வீட்டுல எனக்கே பயமா இருக்கு. அவங்க பொண்ணு பாக்க வருதாவளா, கோயில் பாக்க வருதாவளா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிவப்பு மையால் ஒரே விடைக்கு இரண்டு தடவை சரி போட்டதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினம்மாளும் பிரிட்டோவும் வேனில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் நல்ல உயரம், வெள்ளைக் கரை போட்ட நீலச் சேலை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. தோளில் ஒரு ஜிப் வைத்த பை. அதை உட்காரும்போதும் கீழே வைக்கவில்லை. பிரிட்டோ நல்ல பையன். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை விசிலடித்து ஓட விடுகிறவன், அம்மா பக்கத்தில் விசில் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி, பலகாரம் சாப்பிடுவார்கள். இலை போட்டுச் சோறு சாப்பிட்டால், கை நனைத்துவிட்டார்கள், சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் அவ்வளவுதான். செண்பகம் விடியும் முன்னே எழுந்து ஆட்டுக்கறிக் குழம்பும் நெய்ச்சோறும் செய்திருந்தாள். மீன் வைக்கட்டுமா என்று முந்தின நாள் கேட்டதற்கு, "கடற்கரைக்காரிக்கு இங்கன கிடைக்குத மீனை வெச்சா கல்யாணம் அங்கனயே நின்னுரும்" என்று சவரிமுத்து தடுத்துவிட்டான்.

பிலோமினம்மாள் உட்காரவில்லை. நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். சிலுவை போட்டார். நாங்களும் பின்னால் நின்று போட்டோம். ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் ஆயிற்று. "பழைய படம். நல்லா ஜெபிச்ச படம்" என்றார். சவரிமுத்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்த அம்மாள் கையை நீட்டிக் குருத்தோலையைத் தொட்டார். வளைத்துப் பார்த்தார். அது வளைந்துவிட்டு மறுபடி நிமிர்ந்தது.

"உங்க ஊர்ல குருத்து ஞாயிறு ஆடி மாசத்துலயா வருது?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பங்குனியில் மந்திரித்த ஓலை ஆடியில் சருகாக அல்லவா இருக்க வேண்டும்? இது பால் மாறாத பிஞ்சுக் குருத்து. நுனியில் ஒரு சின்ன எறும்புகூட ஊர்ந்துகொண்டிருந்தது.

சவரிமுத்து வாயைத் திறந்தான். திறக்காமல் இருந்திருக்கலாம். "அது... பிரிட்ஜுல வெச்சிருந்தோம். அதான் அப்பிடியே இருக்கு."

ஸ்டெல்லா கையில் காப்பித் தட்டோடு வந்தவள், வாயை மூட முடியாமல் சிரித்துவிட்டாள். தட்டு ஆடியது. பிரிட்டோவும் சிரித்தான், அம்மாவைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினான். செண்பகம் முகம் செத்துப்போயிற்று. "நாந்தான் பின்னி வெச்சேன். இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது" என்றாள் பிலோமினம்மாளிடம். யாரை எதில் இருந்து காப்பாற்ற அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பிலோமினம்மாள் காப்பியைக் குடித்தார். அடுப்படியில் இருந்து குழம்பு மணம் ஹால் முழுக்க வந்துகொண்டிருந்தது. செண்பகம் இலையை எடுத்ததும், "இப்ப வேண்டாம். இவ்வளவு தூரம் வந்துட்டோம், அருவில குளிச்சிட்டு வந்திருதோம். சோத்தைப் பெறவு பாப்போம்" என்றார். பெறவு என்றால் கிடையாது என்று அர்த்தம். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பிலோமினம்மாளிடம், "நானும் வாரேன் அத்தை. வழி காட்டணும்லா" என்றாள். வழி காட்ட என்ன இருக்கிறது? சீசனில் எல்லா ரோடும் அருவிக்குத்தான் போகிறது.

துணைக்கு நானும் சேர்ந்துகொள்ள, ஐந்தருவிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் மங்குஸ்தான், ரம்புட்டான், கொப்பரையில் கொதிக்கும் நேந்திரங்காய் சிப்ஸ். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆளைப் பார்த்ததும் துண்டை உதறுகிறார்கள். எங்கள் கடலில் ஒரு அலை வந்து போனால் அடுத்த அலைவரை மூச்சு விடலாம். இங்கே தண்ணீர் மூச்சு விட நேரம் கொடுக்காமல் தலையில் குத்துகிறது. ஆனாலும் குளித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் யாரையோ மன்னித்துவிட்டு வந்த மாதிரி முகத்தோடு வருகிறார்கள்.

பெண்கள் பக்கம் பிலோமினம்மாளும் ஸ்டெல்லாவும் இறங்கினார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நனைய எனக்குக் கூச்சம். பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். பிலோமினம்மாள் தன் பையை என்னிடம் கொடுக்க யோசித்தார். பிறகு வேறு வழி இல்லாமல் கொடுத்தார். "மடியிலயே இருக்கட்டும் மைனி" என்றார்.

மடியில்தான் இருந்தது. ஒரு குரங்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தது. நான் அதைப் பார்த்தேன். அது பையைப் பார்த்தது. கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. அவ்வளவு கூட்டத்தில் ஒரு பொம்பளை எப்படிக் கத்துவது? "சூ" என்றேன், எனக்கே கேட்காத சத்தத்தில். அது பையைப் பிடுங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டது.

ஜிப்பைத் திறக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. முதலில் ஒரு ஜெபமாலை வந்தது. முகர்ந்துவிட்டுக் கீழே போட்டது. ஜெபப் புத்தகம் வந்தது, அதுவும் கீழே. பிஸ்கட் வந்தது, அதை உடைத்துத் தின்றது. கடைசியில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு வந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தது. உள்ளே குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழம், கருப்புக் கயிறு கோத்த ஒரு செம்புத் தாயத்து. குரங்கு எலுமிச்சையைக் கடித்தது. முகத்தை அப்படிச் சுளித்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். தாயத்தையும் பையையும் என் காலடியில் எறிந்துவிட்டு, பழத்தோடு போய்விட்டது.

நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். தாயத்தை மட்டும் கையில் பொத்திக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது, பிலோமினம்மாள் சொட்டச் சொட்ட வந்தார். ஸ்டெல்லா உடை மாற்றப் போயிருந்தாள். கையை விரித்துக் காட்டினேன்.

அவர் முகத்தில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. "பாத்தியளா?" என்றார்.

"குரங்கைப் பாத்தேன்" என்றேன்.

பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்கு வந்து பாருங்க மைனி, கால் வைக்க எடம் இல்லாம சுரூபம் இருக்கு. எல்லாருக்கும் மெழுகுதிரி கொளுத்திட்டேன். நவநாள் ஜெபம் சொல்லிட்டேன். வார எடம் எல்லாம் தட்டிப் போவுது. பையனுக்கு முப்பது தாண்டிட்டு. நானும் போயிட்டேன்னா அவனுக்கு ஒருவாய் சோறு போட ஆள் வேண்டாமா? செங்கோட்டைக்கு அந்தாண்ட ஒருத்தர் இருக்காருன்னாவ. மகனைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்து வாங்குனேன். பொண்ணு வீட்டுக்குப் போகையில கையில இருக்கணும்னு சொன்னாரு. இதைச் சுவத்துல மாட்டவா முடியும்? அதான் பையில."

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அவர் அவ்வளவு சொன்ன பிறகு நான் மட்டும் சும்மா இருப்பது சரியாகப்படவில்லை. "தம்பி வீட்டுச் சுவத்துல உள்ளது எல்லாம் எங்க வீட்டுது மைனி. வெள்ளிக்கிழமதான் பஸ்சுல கொண்டுவந்தேன்" என்றேன்.

"அது போனதுமே தெரிஞ்சுட்டு. படம் அந்தக் காலத்துது. ஆணி எல்லாம் பளபளன்னு நேத்து அடிச்சது" என்றார்.

இரண்டு பேரும் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அவர்தான் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. "பிரிட்ஜாம்" என்றார். "சருகா ஒரு ஓலைய யாருகிட்டயாவது கேட்டு வாங்கி வெச்சிருக்கக் கூடாதா? உங்க தம்பி பொய் சொல்லக்கூடத் தேற மாட்டாரு. அந்தப் பிள்ளை சிரிச்சுட்டா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, அடக்கிட்டேன்." தாயத்தை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். என் பார்வையைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் முடியட்டும். பெறவு பாப்போம்" என்றார்.

ஸ்டெல்லா ஈரத் தலையோடு வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிலோமினம்மாள் அவள் கையில் இருந்த துண்டை வாங்கி, அவள் தலையைத் துவட்டத் தொடங்கினார். "ஏட்டி, தலைய இப்படியா வெச்சிருப்ப? சளி பிடிக்கும். உங்க அம்மா கறிக்குழம்புல என்ன போட்டா? அந்த மணம் இங்கன வரைக்கும் வருது. போவோம், பசிக்கு" என்றார். பிள்ளை அப்படியே நின்றாள். துண்டுக்குள் முகம் இருந்ததால் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இலை போட்டதும் பிலோமினம்மாள் முதல் ஆளாக உட்கார்ந்தார். இரண்டாவது தடவையும் சோறு வாங்கினார். செண்பகம் குழம்பு ஊற்ற வந்தாள். அவளிடம், "அந்த ஓலைச் சிலுவைய எப்படிப் பின்னுன? எங்க ஊர்ல யாருக்கும் இவ்வளவு சுத்தமா வராது. கல்யாணம் முடிஞ்சு வாரப்ப எங்க சபைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடு" என்றார்.

அந்த அம்மாள் எதனால் கை நனைத்தார் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. படங்களைப் பார்த்துத்தான் என்று சவரிமுத்து சொல்கிறான். அருவியில் வழுக்கும்போது ஸ்டெல்லா அவர் கையை விடவே இல்லை, அதனால்தான் என்று பிரிட்டோ சொல்கிறான். அவனிடம் அம்மா அப்படித்தான் சொன்னாராம். கறிக்குழம்பு என்று செண்பகம் நினைக்கிறாள், வாயால் சொல்ல மாட்டாள். அருவியில் குளித்தால் யாருக்கும் பசிக்கத்தான் செய்யும் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பினேன். சுரூபங்கள் வரவில்லை. கல்யாணம்வரை ஆட்கள் வந்து போவார்கள், சுவர் வெறுமையாக இருக்கக் கூடாது என்று தம்பி வைத்துக்கொண்டான். அவன் கேட்டதும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, சாயங்கால ஜெபத்துக்கு முழங்கால் போட்ட பிறகுதான் எதிரில் ஆணி மட்டும் இருப்பதைப் பார்த்தேன். பரவாயில்லை என்று அந்த ஆணியைப் பார்த்தே ஜெபம் சொன்னேன். வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் எனக்குப் பயம் வந்தது. பிலோமினம்மாள் மானம் போகும்படி எழுதலாமா? அவருக்கே போன் போட்டு, "மைனி, குரங்கு விசயத்தை எழுதட்டுமா, விட்டுரட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. தாயத்தையும் சேத்தே எழுதுங்க. எங்க சபைல எல்லாருக்கும் நானே சொல்லிச் சிரிச்சாச்சு. பாதிப் பேரு அந்தச் செங்கோட்டை ஆளோட விலாசம் கேக்காளுவ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மைனி, குரங்கு நல்லாப் பெருசா இருந்துச்சுன்னு எழுதுங்க. ஒரு பூனை அளவு குரங்கு எம் பையப் பிடுங்கிட்டுப் போச்சுன்னு எழுதிராதிய" என்றார்.

ஆகவே, குரங்கு பெரிதாக இருந்தது. ஆள் உயரம் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டீர்கள். இடுப்பு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஐந்தருவியில் பெண்கள் பக்கம் குளித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நினைவிருக்கும் உயரத்தைச் சிஸ்டரிடம் சொல்லி, தப்பு இருந்தால் அடுத்த வருட மலரில் திருத்தச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எப்படித் திருத்தினாலும் அது சின்னதாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.